இடது காது

மறுபடியும் பையனிடம் கேள்வி. எத்தனை தடவை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாதா?

இவள் மைக்கை வாயருகே கொண்டுவந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், விளையாட்டு அறையின் பாயில், பச்சைச் சட்டைக்காரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நாலு வயது வாண்டு ஒட்டகச்சிவிங்கி பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. இந்தப் பக்கம் இருட்டறை, இரண்டு நாற்காலிகள்.

“கேள்வி வேணாம். அவன் செய்யறதைப் பார்த்து அப்படியே சொன்னா போதும்.”

பச்சைச் சட்டைக்காரியின் இடது காதில் மாட்டியிருந்த சின்னக் கருவிக்குக் குரல் போய்ச் சேர்ந்தது. “நான் என்ன ரேடியோவா, கமெண்ட்ரி சொல்ல?” என்று அவள் முணுமுணுத்தது இருட்டறையின் ஸ்பீக்கரில் கேட்டது.

பக்கத்து நாற்காலியில் இருந்த, இந்த மையத்தில் வேலை பார்க்கும் சின்னப் பெண் சிரித்துவிட்டாள். “நான் சொன்னா இவ்வளவுகூட ஏற மாட்டேங்குதுக்கா. நீங்க சொன்னாத்தான் எடுபடுது.”

இவள் சிரிக்கவில்லை. சிரிப்பு எங்கிருந்து கிளம்பும் என்பதே கொஞ்ச நாளாக மறந்துபோயிருந்தது. வலது காதுத் தோட்டைத் திருகிக்கொண்டாள். இடது காது மூளியாக இருந்தது; அதில் தோடு போடுவதை விட்டு மூணு நாலு வருஷம் ஆகிறது.

இத்தனை வாரமாக அந்த வாண்டு பச்சைச் சட்டைக்காரியின் கையில் ஒரு பொம்மையைக்கூடக் கொடுத்ததில்லை. கூப்பிட்டால் முதுகைக் காட்டுவான். தொட்டால் ஊரைக் கூட்டுவான். தானாக ஒரு பொம்மையை அவளிடம் நீட்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று முதல் நாளே இந்த அறையில் பேசி வைத்திருந்தார்கள்.

“ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாங்களாக்கா?” சின்னப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லிட்டாங்க. வர்ற வாரம்.”

“அப்ப திரும்ப இங்க...”

“வரமாட்டேன்.”

ஸ்பீக்கரில் பச்சைச் சட்டைக்காரியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “ஒட்டகச்சிவிங்கிய போத்திவிடற. நல்லா இறுக்கிப் போத்திவிடற.”

வாண்டு நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒட்டகச்சிவிங்கியைப் பாயில் இருந்த மரப் பொம்மை வீட்டுக்கு வெளியே படுக்கவைத்து, வீட்டுக் கதவைச் சாத்தினான். அதை எடுத்து உள்ளே வைக்கப் பச்சைச் சட்டைக்காரியின் கை தானாக நீண்டது.

“எடுக்காதே,” என்றாள் இவள் மைக்கில். “வெளியவே இருக்கட்டும்.”

நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“வெளிய விட்டுட்ட... கதவைச் சாத்திட்ட...” பச்சைச் சட்டைக்காரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

வாண்டு கூடையைக் கிளறி ஒரு யானைக்குட்டியை எடுத்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நீட்டினான்.

“இது தூங்கவே மாட்டேங்குது. நீ வச்சுக்க.”

சின்னப் பெண் இவள் முழங்கையை இறுகப் பிடித்தாள். “அக்கா! குடுத்துட்டான்க்கா!”

இவள் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் உடம்பில் எங்கேயும் தட்டுப்படவில்லை.

யானைக்குட்டியின் பின்னாலேயே வாண்டும் மடியில் ஏறிவிட்டான். கட்டைவிரல் வாய்க்குள் போனது.

“இப்ப காதைத் தேடுவான்,” இவள் மைக்கில் அவசரப்பட்டாள். “இடது காது. தோட்டைக் கழட்டிடு.”

அதற்குள் அவன் கை அங்கே போய்விட்டது. இழுத்த இழுப்பில் கருவி கழன்று பாயில் உருண்டது. திருகினால் வலிக்கும், தலையை இழுத்துக்கொள்ளாதே என்று இவள் சொன்னது அந்த அறைக்குப் போகவே இல்லை.

பச்சைச் சட்டைக்காரி கருவியைத் தேடவில்லை. ஒரு கையால் தோட்டைக் கழற்றினாள். யாரும் சொல்லாமலே அவன் கைக்கு எட்டும்படி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

சின்னப் பெண் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். “மெஷின் விழுந்துடுச்சு. நீங்களே உள்ள போய் மாட்டிவிட்டுட்டு வாங்கக்கா. அப்படியே அவனையும் ஒரு தடவை தூக்கிக்கங்க.”

இவள் மைக்கை அணைத்து மேஜைமேல் வைத்தாள்.

“வேணாம்மா. இப்ப நான் போனா, சித்தி மடிய விட்டுட்டு அம்மாகிட்ட ஓடி வந்துடுவான்.”