பாதுகாப்பில்லாத தொடர்பு

நான் எழுதிய இணையப் பக்கத்தை ஊருக்குக் காட்டுமுன் என் கணினிக்குள்ளேயே திறந்து பார்த்தேன். ‘இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் திரை முழுக்க ரத்தச் சிவப்பில் அலறியது. பின்னால் வந்து நின்ற என் மனைவி குமுதவல்லி விட்ட மூச்சில் மின்விசிறி எதிர்த்திசையில் சுற்றியது.

“ரிட்டையர் ஆன வயசுல தொடர்பு கேக்குதா? யாரு அவ?”

“ஐயோ, வெளியாள் யாருமில்லடி! எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளயேதான்.”

“வீட்டுக்குள்ளயேவா!”

எச்சரிக்கையைத் தாண்டிப் பக்கத்தைத் திறந்தால் நான் உத்தமன் என்பது அந்த நொடியே நிரூபணமாகிவிடும். ஆனால் அதன் தலைப்பு, ‘என் மனைவியின் ரசம்: தப்பிப் பிழைத்தவனின் வாக்குமூலம்’.

மௌஸை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“அவளையா மறைக்கிறீங்க?” என்று குமுதவல்லி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.