கையால் மிதித்தவர்

மகள் காய்ச்சலில் போனபின், கண்ணெதிரே வைத்திருக்க மனம் தாங்காமல்தான் தையற்காரர் அந்தக் கால்மிதி ஆர்மோனியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்றுதான் பார்க்க வந்தார்.

முக்காலியில் உட்கார்ந்தால் மகளுக்குக் கால் எட்டாது. பகலெல்லாம் தையல் மெஷினை மிதித்தவர், சாயங்காலம் தரையில் உட்கார்ந்து இதன் மிதிக்கட்டைகளைக் கையால் அழுத்திக் காற்று கொடுப்பார். காற்று குறைந்தால் தோளில் ஓர் உதை விழும். "தூங்கிட்டியாப்பா?" அவளுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. பாதியில் தடுமாறி முதலிலிருந்து தொடங்குவாள், முடித்ததே கிடையாது.

கூடத்தில் யாருமில்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்து அழுத்தினார். மேலே விரல் வைக்க ஆளில்லை, வெறும் காற்றுதான் வரும் என்று நினைத்தார். பாட்டு வந்தது. பாதியில் தடுமாறி, மறுபடி தொடங்கியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காவல்காரப் பெண் ஓடிவந்தாள். "ஐயா, இதத் தொடக்கூடாது. பாப்பாவ எறங்கச் சொல்லுங்க."

"இந்த ஒரு பாட்டு முடியட்டும்மா."

"சரி, முடிஞ்சதும் கெளம்பிடணும்."

தலையாட்டினார். கை ஓய்ந்து காற்று குறைந்தது. தோளில் ஓர் உதை விழுந்தது.