விபத்தே நடக்காத ஊர்

என்னை அழுவதற்காகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் அம்மிணி. இன்ஜினீயரு ஏறிட்டுப் பார்த்தா முந்தானைய வாயில வெச்சுக்கோ, போதும்" என்று பஸ்ஸிலேயே என் அண்ணன் செங்கோட்டையன் சொல்லிக்கொடுத்துவிட்டார். கூட வந்த காளியப்பனும் ரங்கனும் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு வேறு என்ன தெரியும்?

எங்கள் ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது திருச்செங்கோடு ரோடு. வீடுகள் இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். எழுபத்தைந்திலிருந்து எழுபத்தெட்டுக்குள் மூன்று பேர் லாரியில் அடிபட்டுச் செத்தார்கள். மூன்றாவது ஆள் என் மகன் சின்னுசாமி. ஏழு வயசு.

இப்போது என் மகள் வசந்தாமணி ஒண்ணாங்கிளாஸ். தினமும் அதே ரோட்டைத்தான் தாண்டுகிறாள். அவள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டுவிட்டால் போதும். அதற்காக இந்த மூன்று கோமாளிகளோடு நெடுஞ்சாலை ஆபீஸ் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்காரவும் நான் தயார்.

போன மாதம் அனுப்பிய மனு அண்ணன் எழுதியது. பாதிச் செலவை ஊர்க்காரர்களே போட்டுக்கொள்கிறோம், மீதியைச் சர்க்கார் தந்தால் போதும் என்று பெருந்தன்மை வழிய வழிய எழுதியிருந்தார். அந்தப் பாதியையும் தானே தருவாராம். ரோட்டோரம் கல் நட்டு அதில் அவர் பேரை வெட்ட வேண்டுமாம். ஒரு சாண் மேட்டுக்குக் கல்வெட்டு! ராஜராஜன் கெட்டான் போங்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்ற தங்கச்சிங்க. பெத்த பையனப் பறிகுடுத்தவ" என்று அண்ணன் என்னை முன்னால் தள்ளினார். நான் அழவில்லை. அவர் முறைத்தார்.

இன்ஜினீயர் சின்ன வயசுக்காரர். மனுவை இன்னொரு தரம் முழுக்கப் படித்தார். பிறகு ஃபைலிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மனு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிக் கேட்டேன். உங்க ஊர்ல எழுபத்தஞ்சுல இருந்து ஒரு விபத்துகூட நடக்கலைன்னு பதில் வந்திருக்கு."

"அவங்க கெடக்கறாங்க சார். மூணு உசுரு போயிருக்குதுங்க" என்றார் அண்ணன்.

"போயிருக்கு. உங்க மணியகாரர் எழுதின இறப்புப் பதிவும் இதோ இருக்கு" என்று அவர் இரண்டாவது காகிதத்தைப் படித்தார்.

காளியப்பனின் தம்பி, வலிப்பு வந்து. ரங்கனின் அப்பா, மாடு முட்டி. என் மகன், சோளத்தட்டுப் போரிலிருந்து தவறி விழுந்து.

அண்ணன் மீசையை நீவிக்கொண்டார்.

எங்கள் ஊரின் சாமர்த்தியம் அது. லாரியில் பங்கு இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அடித்ததும் நம் சனம், அடிபட்டதும் நம் சனம். கேஸ் என்று போனால் வண்டியைப் பிடித்து ஸ்டேஷன் வாசலில் ஆறு மாதம் நிறுத்திவிடுவார்கள். அதனால் பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணிவிட்டு, மணியகாரரிடம் போய் வேறொரு சாவை எழுத வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். யாருடைய வண்டி என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இத்தனை சுத்தமாகத் துடைத்துப் போட்டுவிட்டு, அதே சாவுகளைக் காட்டி வேகத்தடை கேட்க வந்திருக்கிறார்கள். தூ! இவர்களுக்கெல்லாம் மீசை ஒரு கேடு.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சின்னுசாமி போரிலிருந்து விழுந்தான் என்ற காகிதத்தில் சௌந்திரம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். எங்கள் வீட்டில் போரே கிடையாது. தட்டுத் தின்ன ஒரு எருமைகூடக் கிடையாது.

"வழக்கு நம்பர் இல்லாம நான் எதைக் காட்டிப் பணம் கேட்கறது?" என்றார் இன்ஜினீயர். "யாராவது ஒருத்தர் நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க. அதை ஸ்டேஷனுக்கு அனுப்பறேன். வழக்குப் பதிவாயிட்டா மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். இல்லைன்னா மனுவை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

காளியப்பன் மின்விசிறியைப் பார்த்தார். ரங்கனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அண்ணன் மனுவை எடுத்து நாலாக மடித்தார்.

"அடுத்த வருசம் பார்த்துக்கலாமுங்க" என்றார்.

அடுத்த வருசமாம்! நாளைக்குக் காலையில் வசந்தாமணி ரோட்டைத் தாண்ட வேண்டும். அதைப் பற்றி யாருக்கு என்ன?

"எழுதிக்குங்க சார், நான் சொல்றனுங்க" என்றேன்.

அண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அவருடைய வண்டியில்தான் என் வீட்டுக்காரர் டிரைவர், அதை நினைத்துப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். நினைத்துப் பார்த்தேன். காலை இழுத்துக்கொண்டேன்.

"எம்பையன் போருல இருந்து உழுகலைங்க. பள்ளிக்கூடத்துக்கு முன்னால லாரி அடிச்சுத்தான் செத்தான்."

இன்ஜினீயர் பேனாவைத் திறந்தார். "வண்டியை ஓட்டினது யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியுமுங்க. அவனை மடியில உக்கார வெச்சுக் காது குத்துன தாய்மாமனுங்க" என்றேன். "எனக்கு ஒரே அண்ணனுங்க."