துணைக்கான குழாய்

அவள் கடலுக்கடியில் இருந்தது இருபது நிமிடம். தீர்ந்திருந்தது நாற்பது நிமிடக் காற்று.

“முதல் தடவை எல்லாரும் மடமடன்னுதான் மூச்சு வாங்குவாங்கம்மா. நீங்க ரெண்டு ஆள் காத்தைக் குடிச்சிட்டீங்க” என்று படகில் சிரித்தார் பயிற்சியாளர்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு வாய்க்குழாய்கள் உண்டு. இரண்டாவது, மூச்சுக்குத் தவிக்கும் துணைக்கு. அவள் சிலிண்டரில் இருந்த இரண்டாவதைக் கழுவ எடுத்தவர் கையை நிறுத்தினார். புது ரப்பரில் பற்கள் பதிந்திருந்தன, ஒரு முன்பல்லின் இடம் தவிர.

“நாம ரெண்டு பேர்தானே இறங்கினோம். இதை நான் தொடவே இல்லையே.”

அவள் அந்த இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“மறுபடி இறங்கறப்போ ரெண்டு சிலிண்டராக் கட்டிவிடுங்க. என் தம்பிக்கு முன்பல் ஒண்ணு கிடையாது. போன வருஷம் இங்கதான் மூழ்கினான்.”