வோர்தன்

இருபத்தெட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால்.

லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்து, கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுக்கையறைக்குப் போனான்.

மனைவி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. இன்னும் எட்டு வாரமாவது குழந்தை உள்ளே இருக்க வேண்டும்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். சும்மா கிடக்கத் தெரியாது.

விண்வெளிக் கதை என்றாலே அவளுக்கு ஆகாது. வேறு வழியில்லாமல், அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த தொடரைக் கையில் எடுத்தாள். இருபத்தேழு பாகம். பென்சிலோடு படித்தாள்.

"உங்க கேப்டனுக்கு மூணாம் பாகத்துல இடது கை போயிடுச்சு. ஆறாம் பாகத்துல அதே கையால துப்பாக்கி பிடிக்கிறாரு."

"அது இரும்புக் கைம்மா."

"எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை.

இன்று காலையில் கடைசிப் பாகத்தையும் முடித்துவிட்டாள்.

பிள்ளைக்கு அந்தத் தொடரிலிருந்துதான் பெயர் என்பது கல்யாணமான புதிதில் அவளிடம் அவன் வாங்கிய சத்தியம்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு பெயரை மனதில் வைத்திருந்தான். விண்கலத்தின் டாக்டருடையது. பையனுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். சொல்ல வாயெடுத்தான்.

"நான் முடிவு பண்ணிட்டேன்," என்றாள். "வோர்தன்."

சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வோர்தன் வில்லன். இரண்டு கிரகங்களைக் கொளுத்தியவன்.

"எங்கக்கா காதுல விழுந்தா வீட்டையே ரெண்டு பண்ணிருவா. சரி, பொண்ணு பொறந்தா?"

"பொண்ணுன்னாலும் அதுதான்."

"விளையாடாத."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக் காத்திருந்தாள். உள்ளே அசைந்திருக்க வேண்டும். கையை எடுத்தாள்.

பிறகு, மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினாள். பிழைப் பட்டியல் என்று நினைத்துப் பிரித்தான்.

பெயர்கள். விண்கலத்தில் ஏறிய அத்தனை பேரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாகம், பக்கம்.

டாக்டரின் பெயரைத் தேடினான். பத்தொன்பதாம் பாகம், நூற்று நாலு.

அந்தப் பக்கம் அவனுக்கு நினைவிருந்தது. காற்று தீர்ந்து டாக்டர் சாகும் பக்கம்.

"முதல் தடவை கேப்டன் பேரைச் சொன்னீங்க," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "போன வருஷம் பைலட் பேரு. ரெண்டு தடவையும் நான் மறுபேச்சுப் பேசல. ரெண்டும் தங்கல."

அவன் தாளில் அந்த இரண்டு பெயரையும் தேடினான்.

"வோர்தனை எரிக்கிறாங்க, வெடி வெச்சுத் தகர்க்கிறாங்க. அடுத்த பாகத்துல வந்து நிக்கிறான். அப்படி வேற யாராவது இருந்தா சொல்லுங்க, அந்தப் பேரையே வெப்போம்."