சிடுசிடு அக்கா

“நிறுத்துங்க! பின்வரிசை ஆம்பளைங்க எல்லாம் தூங்கிக்கிட்டே பாடுறீங்களா?”

பாடகர் குழுத் தலைவி மேசையைத் தட்டினார். பின்வரிசையில் நின்ற கணக்காளருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊருக்கு மாற்றலாகி வந்து, போன வாரம்தான் இந்தச் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்திருந்தார்.

“எப்பவுமே இப்படித்தானா?” என்று பக்கத்திலிருந்த தையல்காரரிடம் கிசுகிசுத்தார்.

“சிடுசிடு அக்கான்னே பேரு. கத்துவாங்க, அப்புறம் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேப்பாங்க. ஆனா இன்னைக்கு...”

“அங்க என்ன பேச்சு?”

தையல்காரர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள்.

“அழணும்னா வெளிய போய் அழு. மறுபடியும் மூணாவது சரணம்!”

அடக்க ஆராதனைக்குப் பாடும்போதுகூடவா ஈவு இரக்கம் இருக்காது? இன்றோடு இந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு என்று கணக்காளர் முடிவு செய்துகொண்டார்.

மணி அடித்தது. சவப்பெட்டியைச் சுமந்து வந்து பீடத்தின் முன்னால் வைத்தார்கள். போதகர் நேராகத் தலைவியிடம் வந்தார்.

“நீங்க குடும்பத்தோட போய் உக்காருங்கம்மா. பாட்டை வேற யாராவது பாத்துக்கட்டும்.”

“வேண்டாம் ஐயா. எத்தனையோ பேருக்கு நின்னு பாட வச்சிருக்கேன். என் பிள்ளைக்கு மட்டும் உக்காந்துடுவேனா?”

கணக்காளர் நிமிர்ந்து நின்றார். தலைவி கையை உயர்த்தினார். ஒரு குரல்கூடப் பிசகவில்லை.

பாட்டு முடிந்தும் உயர்த்திய கை இறங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். கணக்காளர் வரிசையை விட்டு இறங்கிப் போய், அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கினார்.

“முடிஞ்சிடுச்சுக்கா. வாங்க.”

“சரியாப் பாடினோமா தம்பி?” என்று கேட்டவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.