கடைசித் தசமம்

கடைசி வளைவில் நிரஞ்சனியின் சிவப்புக் கார் முன்னால் இருந்தது. மாமியாரின் மஞ்சள் கார் ஒட்டிக்கொண்டே வந்தது.

நிரஞ்சனி செராஸ் வீட்டில். மாமியார் குணபூசணி கிள்ளானில். ஆளுக்கொரு கைப்பேசி, பந்தயம் ஒன்றுதான்.

விளையாட்டை எழுதியவள் நிரஞ்சனி. திங்கட்கிழமை வெளியீடு.

போன வாரம் நெருக்கமாக முடிந்த பந்தயம் எல்லாமே சண்டையானது. இவள் திரையில் இவள் முதலிடம். அதே பந்தயத்தில் தன் திரையில் தான்தான் முதலிடம் என்றார் மாமி.

"உன் கேம்தானே, நீ வச்சதுதான் ரிசல்ட்டு" என்று சொல்லிவிட்டுப் பேச்சையே நிறுத்திக்கொண்டார். இன்று கணவன் செந்தூரன் கிள்ளானுக்கே போய் அம்மாவைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்திருந்தான்.

காரணம் நேற்றுத்தான் பிடிபட்டது.

விரல் அழுத்தங்கள் மட்டுமே இரண்டு கைப்பேசிகளுக்கும் இடையே போய் வரும். கார் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொன்றும் தானே கணக்கிடும். அவளுடைய புதிய கைப்பேசிக்கான நிரலில், வேகத்துக்காக, நிரலை இயந்திரமொழியாக்கும் கம்பைலர் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் முடித்து விடையின் நீண்ட தசமத்தை ஒருமுறைதான் சுருக்கியது. மாமியின் பழைய கைப்பேசியில் இரண்டுமுறை.

வித்தியாசம் கடைசி இலக்கத்தில்தான். ஆனால் ஒரு கணக்கின்மேல் அடுத்த கணக்கு ஏறி ஏறி, மூன்று சுற்று முடிவதற்குள் அது ஒரு கார் நீளத்துக்கு வளர்ந்துவிடும்.

அந்தக் குறுக்குவழியை அடைத்து, இரண்டு கைப்பேசிக்கும் விளையாட்டைப் புதிதாகத் தயாரித்து அனுப்பியிருந்தாள்.

கோடு நெருங்கியது. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் அது சோதனையே இல்லை.

இரண்டு கார்களும் கோட்டைக் கடந்தன.

திரையைப் பார்த்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

ஸ்பீக்கரில் கேட்டாள். "மாமி, அங்க யாரு முதல்?"

"நான்தான். பிறகென்ன?"

"இங்கயும் நீங்கதான் மாமி. நான் தோத்துட்டேன்." சொல்லும்போதே சிரிப்பு பொங்கியது. கண்ணும் நிறைந்தது.

அந்தப் பக்கம் செந்தூரன் ஏதோ கேட்க, மாமி அவனை அதட்டுவது கேட்டது.

பிறகு குரல் தணிந்து வந்தது.

"பிள்ளை, போன வாரம் ரெண்டு தடவை என் போன்லயும் நீதான் முதல் வந்தே லா. நான்தான் சொல்லல."